இரு சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

பெருநகரங்களுக்கு இடையே பறக்க எவ்வளவு நேரமாகும் என்பது, தினமும் பல விமானங்கள் பறந்து பறந்து நிலைபெற்றுவிட்ட கணக்கு. தேடினால் உடனே கிடைக்கும். கிடைப்பதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிறிய விமான நிலையங்கள் இரண்டை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அவற்றுக்கிடையே வாரத்துக்கு இரண்டே விமானங்கள் இருக்கலாம், அல்லது நேரடி விமானமே இல்லாமல் இருக்கலாம். அப்படி இல்லாத வழித்தடத்துக்குக்கூடத் தூரம் காட்டும் இணையதளங்கள் ஒரு பறப்பு நேரத்தைக் காட்டத் தயங்குவதில்லை. ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கி.மீ. என்பதை வைத்துத் தூரத்தை வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைக் கூட்டிப் போட்ட எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஆகையால் தூரம், நேரம் ஆகிய இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகக் கொள்வதே நல்லது. தூரத்துக்கு ஒரே விடைதான் உண்டு. ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். நேரத்துக்கான விடையோ எந்த விமானம், எந்தக் காற்று, எந்த வழி என்பதைப் பொறுத்து மாறும். உழைப்பை அங்கே செலவிட வேண்டும்.

சரியான நிலையத்தை உறுதிசெய்தல்

கணக்கைத் தொடங்குமுன் ஊரின் பெயரை நம்பாமல் நிலையத்தின் குறியீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் செயின்ட் ஜான் என்ற நகரமும் செயின்ட் ஜான்ஸ் என்ற நகரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் விமான நிலையம் உண்டு. இடைத்தூரம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பயணச்சீட்டில் காணும் மூன்றெழுத்துக் குறியீடு விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. அமைப்பு தருவது; விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு ஐ.நா.வின் வான்போக்குவரத்து முகமையான ஐ.சி.ஏ.ஓ. அமைப்பின் முறைப்படி வழங்கப்படுவது. மிகச் சிறிய ஓடுபாதைகள் பலவற்றுக்கு மூன்றெழுத்துக் குறியீடு இராது. நான்கெழுத்துக் குறியீடோ, அந்தந்த நாட்டின் உள்நாட்டுக் குறியீடோ மட்டுமே இருக்கும். பயணச்சீட்டு விற்கும் தளத்தில் ஒரு நிலையம் அகப்படவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குறியீடு உறுதியானதும் அந்த நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவை ஓடுபாதை அமைப்பின் ஏறத்தாழ நடுப்புள்ளியைக் குறிப்பவை. ஒரு மூலத்துக்கும் இன்னொரு மூலத்துக்கும் சில நூறு மீட்டர் வேறுபாடு தென்பட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அளவுகள் பாகை, கலை, விகலையாகக் கிடைத்தால் கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டி, பதின்மமாக்கிக்கொள்ள வேண்டும். வடக்கும் கிழக்கும் நேர்க்குறி. தெற்கும் மேற்கும் எதிர்க்குறி. இந்தக் குறியைத் தவறவிட்டால் விடை ஒரு கண்டமே தள்ளிப் போய்விடும். நல்ல வேளையாக, அவ்வளவு பெரிய பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தூரக் கணக்கு

உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். வான்வழித் தூரம் என்று சொல்லப்படுவது இந்தப் பாதையின் நீளமே. சில நூறு கிலோமீட்டருக்குட்பட்ட தூரங்களுக்கு இதை ஒரு சாதாரணக் கணிப்பானிலேயே போட்டுவிடலாம். சிறிய நிலையங்களுக்கு இடையிலான பறப்புகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குவதால் முதலில் இம்முறையைக் காண்போம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் உள்ள கிர்க்வால் நிலையத்தையும், அதற்கு வடகிழக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள சம்பரோ நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். கிர்க்வால் வடக்கு 58.958°, மேற்கு 2.905°இல் இருக்கிறது, சம்பரோ வடக்கு 59.879°, மேற்கு 1.296°இல் இருக்கிறது. அட்சரேகை வேறுபாடு 0.921°. அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல் ஆதலால் வடக்கு நோக்கிய தூரம் 55.3 கடல் மைல். தீர்க்கரேகை வேறுபாடு 1.609°. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் இதை அப்படியே 60ஆல் பெருக்கக் கூடாது. இரு நிலையங்களின் சராசரி அட்சரேகையான 59.42°இன் கோசைன் மதிப்பாகிய 0.509ஆல் முதலில் பெருக்க வேண்டும். அப்போது 0.819° கிடைக்கும், அதன்படி கிழக்கு நோக்கிய தூரம் 49.1 கடல் மைல். இவ்விரு எண்களையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 74 கடல் மைல் என்று வரும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; எனவே தூரம் 137 கி.மீ.

கோசைனால் பெருக்கும் படியை விட்டுவிட்டால் இதே தூரம் 200 கி.மீ.க்கும் மேல் என்று வந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் அந்தப் படியை விட்டாலும் பிழை பெரிதாகத் தெரியாது என்பதால்தான் பலருக்கு அது மறந்துபோகிறது.

தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக நீண்டாலோ, நிலையங்கள் துருவத்துக்கு அருகில் இருந்தாலோ இந்தத் தட்டை முக்கோணம் போதாது. அப்போது இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளை ஒன்றோடொன்று பெருக்கி, அவற்றின் கோசைன் மதிப்புகளின் பெருக்கத்தைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனால் பெருக்கி அதனோடு கூட்ட வேண்டும். கிடைக்கும் எண் எந்தக் கோணத்தின் கோசைனோ, அந்தக் கோணத்தைப் பாகையில் எடுத்து 111.2ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். இச்சூத்திரம் மிகக் குறுகிய தூரங்களில் தசம இலக்கங்களை இழந்து தடுமாறக்கூடும் என்பதால், கணினி நிரல்களில் இதற்குப் பதிலாக ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். எக்செல் போன்ற விரிதாளில் இதைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள சைன், கோசைன் சார்புகள் கோணத்தைப் பாகையில் அன்றி ரேடியன் என்ற வேறோர் அலகில் எதிர்பார்ப்பவை. பாகையை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பொருளற்ற எண் ஒன்று சத்தமின்றி வந்து நிற்கும். இரு தீர்க்கரேகைகளின் வேறுபாடு 180°ஐத் தாண்டினால் அதை 360°இலிருந்து கழித்துக்கொண்டால் தட்டை முக்கோண முறையும் தடம் மாறாது.

பூமி சரியான கோளம் அன்று. ஆகவே கோளமாகக் கொண்டு போடும் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம். நீள்வட்ட வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு புவியளவையியலாளர் வின்சென்டி 1975இல் வெளியிட்ட சூத்திரம் இப்பிழையைப் பெரும்பாலும் நீக்கிவிடும். ஆனால் 137 கி.மீ. பயணத்தில் அரை சதவீதம் என்பது 700 மீட்டர்கூட இல்லை. விமானம் ஓடுபாதைக்கு நேராக வந்து சேரத் திரும்பும்போதே அதைவிடக் கூடுதலாகச் சுற்றும். பயணத் திட்டமிடலுக்கு இதற்குமேல் துல்லியம் தேடுவது வீண்வேலை.

பெருவட்டத் தூரமும் பறக்கும் தூரமும்

விமானம் காற்றை எதிர்கொண்டு புறப்பட்டு, ஏறியபின் திசை திரும்பி, வகுத்துக் கொடுத்த வழியில் சென்று, இறங்கும் ஓடுபாதைக்கு நேரே வர மீண்டும் சுற்றும். இந்தக் கூடுதல் தூரம் நெடுந்தூரப் பயணத்தில் கரைந்துவிடும். குறுந்தூரத்தில் பெரும் பங்காக எழுந்து நிற்கும். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் கரியுமிழ்வுக் கணக்கிலிருந்து கிடைக்கிறது. ஐ.சி.ஏ.ஓ. அமைப்பின் கரியுமிழ்வுக் கணிப்பு முறை, பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதனோடு 50 கி.மீ.யையும், 550 முதல் 5500 கி.மீ. வரை இருந்தால் 100 கி.மீ.யையும், அதற்கு மேற்பட்டால் 125 கி.மீ.யையும் கூட்டிக்கொள்கிறது. அதன்படி கிர்க்வால்–சம்பரோ தூரம் 187 கி.மீ. ஆகிறது. நெரிசல் இல்லாத சிறு நிலையங்களுக்கு இந்த 50 கி.மீ. சற்றுத் தாராளம்தான் என்றாலும், பயண நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவதைவிடக் கூட்டி மதிப்பிடுவது பயணிக்கு நல்லது.

எந்த விமானம் பறக்கிறது?

சிறிய நிலையங்களின் பயண நேரத்தை நிர்ணயிப்பதில் முதலிடம் விமான வகைக்கே. ஓடுபாதை குட்டையாக இருந்தால் ஜெட் இறங்க முடியாது. இறங்கக்கூடியது சுழலி (புரொப்பல்லர்) பொருத்திய விமானமே. கரீபியன் கடலின் சாபா தீவிலுள்ள ஓடுபாதை வெறும் 400 மீட்டர். நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர். இத்தகைய இடங்களுக்கு டுவின் ஆட்டர் போன்ற விமானங்களே போகின்றன. நிலைவேகமாக, அதாவது ஏறி முடித்தபின் சீராகப் பறக்கும் வேகமாக, பிரிட்டன்-நார்மன் ஐலாண்டருக்கு மணிக்கு 260 கி.மீ., டுவின் ஆட்டருக்கு 300, செஸ்னா கேரவனுக்கு 340, ஏ.டி.ஆர். வகைகளுக்கு 500 முதல் 550, டேஷ் 8-இன் பெரிய வகைக்கு ஏறத்தாழ 650 என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தர ஜெட் விமானத்தின் வேகம் 830 அளவில் இருக்கும். எந்த வழித்தடத்தில் எந்த வகை ஓடுகிறது என்பதை விமான நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

இனி நேரக் கணக்கு. சரிசெய்த தூரத்தை நிலைவேகத்தால் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும் மெதுவாக ஏறி இறங்குவதற்குமாக 12 முதல் 15 நிமிடம் கூட்ட வேண்டும். கிர்க்வாலிலிருந்து சம்பரோவுக்கு ஏ.டி.ஆர். விமானத்தில் போனால் 187ஐ 500ஆல் வகுக்க 22 நிமிடம்; அதனோடு 13 நிமிடம் கூட்ட 35 நிமிடம். கால அட்டவணையில் போடும் நேரம், விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து சேருமிடத்தில் நின்று அடங்கும் வரையிலானது. வானில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. சிறிய நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதையை ஒட்டித் தனி ஊர்பாதை கிடையாது. விமானம் ஓடுபாதையிலேயே கடைசிவரை ஊர்ந்து சென்று திரும்பி நின்றுதான் புறப்பட வேண்டும். நெரிசல் இல்லாதபோதும் சில நிமிடங்கள் அதில் போய்விடுகின்றன.

இந்த நிலையான நிமிடங்களின் எடையைக் காண அதே ஆர்க்னியில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையிலான சேவையைப் பார்க்கலாம். உலகில் கால அட்டவணைப்படி இயங்கும் மிகக் குறுகிய பயணிகள் பறப்பு அது, தூரம் 2.7 கி.மீ. ஐலாண்டரின் நிலைவேகத்தில் இது 37 விநாடி வேலை. இதுவரை பறந்த மிகக் குறைந்த நேரமோ 53 விநாடி. அட்டவணையில் போடுவது 2 நிமிடம். தூரம் குறையக் குறைய, வகுத்தல் கணக்கு உண்மையிலிருந்து விலகிக்கொண்டே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மறுபுறம், மெதுவான விமானத்தில் 350 கி.மீ. போவதற்கு மேற்சொன்ன 800 கி.மீ. வேகக் கணக்கு 56 நிமிடம் என்று காட்டும். டுவின் ஆட்டரில் அது ஒன்றரை மணி நேரப் பயணம்.

காற்று

சிறிய விமானம் மெதுவாகப் பறப்பதால் காற்று அதன் வேகத்தில் பெரும் பங்கை விழுங்கும். விமானத்தின் வேகம் அதைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தது. தரையைக் கடக்கும் வேகம் அதிலிருந்து எதிர்க்காற்றைக் கழித்தோ பின்காற்றைக் கூட்டியோ கிடைப்பது. 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகமுள்ள ஐலாண்டர் அதே 74 கடல் மைலைக் காற்றில்லாமல் கடக்க 32 நிமிடம் ஆகும். 30 நாட் பின்காற்று இருந்தால் 26 நிமிடம். அதே காற்று எதிரே வீசினால் 40 நிமிடம். போகும்போது கிடைத்த இலாபம் வரும்போது ஏற்படும் நட்டத்தை ஈடுகட்டாது என்பதைக் கவனியுங்கள். காற்றில்லாத நாளில் போய்வர 63 நிமிடம்; காற்று வீசும் நாளில் 66க்கும் மேல். எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் சிக்கியிருப்பதே காரணம்.

காற்று பக்கவாட்டில் வீசினால், காற்றின் திசைக்கும் பயணத் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனால் காற்றின் வேகத்தைப் பெருக்கினால் பயணத் திசையில் அதன் பங்கு தெரியும். 60 பாகையில் வீசும் காற்றின் பாதிதான் கணக்கில் வரும். வானிலை அறிக்கையில் குறிப்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. 240° என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். ஏறத்தாழ 42° திசையில், அதாவது வடகிழக்கு நோக்கி, சம்பரோவுக்குப் பறப்பவருக்கு அது பின்காற்று. தரையில் வீசும் காற்றை வைத்துக்கொண்டு கணக்குப் போடாமல் பறக்கும் உயரத்தில் வீசும் காற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேகத்தில் மட்டுமன்றித் திசையிலும் வேறுபடும்.

நேரடி விமானம் இல்லாதபோது

இதுவே பெரும்பாலோர் உண்மையில் சந்திக்கும் நிலை. சிறிய நிலையங்கள் இரண்டும் தம்முள் இணைக்கப்படாமல், ஒரு பெரிய நிலையத்தோடு தனித்தனியே இணைக்கப்பட்டிருக்கும். கிர்க்வாலிலிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் உள்ள பாரா நிலையத்துக்கு வான்வழித் தூரம் 343 கி.மீ. ஆனால் கிளாஸ்கோ வழியாகப் போனால் 355 கி.மீ. தெற்கே வந்து, பிறகு 225 கி.மீ. வடமேற்கே திரும்பிப் போக வேண்டும். மொத்தம் 580 கி.மீ. ஒவ்வொரு துண்டையும் அதில் ஓடும் விமான வகையின் வேகத்தில் தனியே கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். காத்திருப்பு பெரும்பாலும் இரு பறப்பு நேரங்களையும் சேர்த்தாலும் அவற்றைவிட நீண்டதாகவே இருக்கும். இரு துண்டுகளும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனியே வாங்கினால் அது பயணியின் தலையில் விழும். நாளுக்கு ஒரே விமானம் உள்ள நிலையத்தில் ஓர் இணைப்பைத் தவறவிடுவது ஒரு முழு நாளைத் தவறவிடுவதாகும். எனவே விதிப்படி தேவையான குறைந்தபட்ச இடைவெளியை மட்டும் விட்டு முன்பதிவு செய்வது, இத்தகைய வழித்தடங்களில் சூதாட்டத்துக்கு நிகர் என்பது என் கருத்து.

பாரா இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அங்கே விமானம் இறங்குவது கடற்கரை மணலில். அலையேற்றத்தின்போது ஓடுபாதை கடலுக்குள் போய்விடும். அதனால் கால அட்டவணையே ஓதத்தை ஒட்டி மாறும். லுக்லாவில் விமானிகள் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டியிருப்பதாலும், பொழுது ஏற ஏறக் காற்றும் மேகமும் வலுப்பதாலும் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துவிடும். மேகம் விலகாவிட்டால் சில நிமிடப் பறப்புக்கு நாள்கணக்கில் காத்திருக்க நேரும். வேறு பல சிறு நிலையங்களில் ஓடுபாதை விளக்குகள் இல்லாததால் பொழுது சாய்ந்தபின் இயக்கம் இல்லை. எனவே பறப்பு நேரத்தோடு நிலையத்தின் இயங்கு நேரத்தையும் பார்த்தாக வேண்டும். தனி விமானம் அமர்த்திக்கொள்பவர்கள் இதை விமானியிடமோ நிறுவனத்திடமோ கேட்பதோடு, நடுவில் எரிபொருளுக்காக இறங்க வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். எல்லை தாண்டுவதானால், சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள நிலையத்தில் முதலில் இறங்க வேண்டியிருக்குமா என்பதும் முக்கியம். எல்லையின் இருபுறமும் எதிரெதிரே இருக்கும் இரு நிலையங்களுக்கு இடையிலான 50 கி.மீ. பயணம் இந்த ஒரு விதியால் அரைநாள் சுற்றாகிவிடக் கூடும்.

கணக்கைச் சரிபார்த்தல்

கையால் போட்ட மதிப்பீட்டை நடந்த பறப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே கடைசிப் படி. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற கண்காணிப்புத் தளங்களில் விமானத்தின் எண்ணைக் கொடுத்தால், அண்மையில் அது புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் கிடைக்கும். ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்யாமல், கிடைக்கும் நாள்கள் அனைத்தையும் பார்த்து நடுவில் வரும் மதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. மலைப்பகுதிகளிலும் தொலைதூரத் தீவுகளிலும் தாழப் பறக்கும் விமானங்களின் சமிக்ஞை தரை நிலையங்களை எட்டாமல் போகலாம். பாதை பாதியில் அறுந்து காணப்பட்டால் பதற்றப்பட ஏதுமில்லை.

அட்டவணையிலிருந்து நேரத்தைக் கழித்துப் பார்ப்பவர்கள், அதில் உள்ளவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றியபின் கழிப்பதே பிழையற்ற வழி. சமோவாவின் ஃபலேயோலோவிலிருந்து அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்குத் தூரம் 150 கி.மீ. அளவுதான். ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் நாளையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கம் சென்றுவிட்டதால், இரண்டுக்கும் இடையே 24 மணி நேர வேறுபாடு உண்டு. செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் புறப்படும் 45 நிமிடப் பறப்பு, திங்கட்கிழமை காலை 10.45க்குப் போய்ச் சேரும். புறப்படும் நேரத்திலிருந்து 13 மணி நேரத்தைக் கழித்தால் பொது நேரம் திங்கள் இரவு 9 மணி. சேரும் நேரத்தோடு 11 மணி நேரத்தைக் கூட்டினால் திங்கள் இரவு 9.45. தங்குமிடத்தை முன்பதிவு செய்யும்போது செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டுவிட்டால், போய் இறங்கும் திங்கள் இரவுக்கு அறை இராது.